எல்லை தாண்டி பயங்கரவாதிகளைத் தாக்கலாமா? சர்வதேச சட்டம் சொல்வது என்ன?

2025 மே 7. நள்ளிரவு தாண்டி ஒரு மணி. பாகிஸ்தானிலும், பாகிஸ்தான் கட்டுப்பாட்டில் உள்ள காஷ்மீரிலும் 9 இடங்களை இந்தியா தாக்கியது. பெயர், ஆபரேஷன் சிந்தூர். அதற்கு 15 நாள் முன்பு, ஏப்ரல் 22-ஆம் தேதி, பஹல்காமில் 26 பேரைப் பயங்கரவாதிகள் சுட்டுக் கொன்றிருந்தார்கள்.

"தாக்கியது பயங்கரவாத முகாம்களை மட்டும்தான். பாகிஸ்தான் ராணுவ நிலைகளைத் தொடவே இல்லை" என்றது இந்தியா. "இது போர்ச் செயல். ஐ.நா. சாசனத்தின் 51-ஆவது பிரிவுப்படி பதிலடி கொடுக்கும் உரிமை எங்களுக்கு உண்டு" என்றது பாகிஸ்தான். பஹல்காம் தாக்குதலில் தங்களுக்குப் பங்கே இல்லை என்றும் மறுத்தது.

ஆக, இரண்டு பக்கமும் சட்டம்தான் பேசியது. அப்படின்னா யார் சொல்வது சரி? ஒரு நாட்டுக்குள் ஒளிந்திருக்கும் ஆயுதக் குழுவை இன்னொரு நாட்டு ராணுவம் புகுந்து அடிக்கலாமா?

சுருக்கமான பதில்: பொதுவாகக் கூடாது. ஆனால் விதிவிலக்கு உண்டு. சண்டையெல்லாம் அந்த விதிவிலக்கு எவ்வளவு பெரியது என்பதில்தான்.

அடிப்படை விதி என்ன?

இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-இல் ஐ.நா. சாசனம் எழுதப்பட்டது. அதன் 2(4) பிரிவு ஒரு தடை போடுகிறது. எந்த நாடும் இன்னொரு நாட்டின் நிலப்பரப்புக்கோ அரசியல் சுதந்திரத்துக்கோ எதிராகப் படைபலத்தைப் பயன்படுத்தக் கூடாது, பயன்படுத்துவேன் என்று மிரட்டவும் கூடாது. இன்று ஐ.நா.வில் உள்ள 193 நாடுகளும் இதற்குக் கட்டுப்பட்டவை.

இந்தத் தடையைத் தாண்ட மூன்று வழிகள்தான் இருக்கின்றன.

1. அந்த நாட்டு அரசே சம்மதிப்பது.
2. ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் அனுமதிப்பது.
3. தற்காப்பு.

முதல் வழி: "வாங்க" என்று கூப்பிட்டால்?

சிக்கல் குறைவான வழி இதுதான். 2013 ஜனவரியில் மாலி நாட்டின் வடபகுதியைப் பிடித்து வைத்திருந்த ஆயுதக் குழுக்கள் தலைநகரை நோக்கி நகர்ந்தபோது, அந்நாட்டு அரசு கேட்டுக்கொண்டதால் பிரான்ஸ் படை அனுப்பியது. 2014-இல் ஐ.எஸ். அமைப்புக்கு எதிராக உதவும்படி ஈராக் அரசு ஐ.நா.வுக்குக் கடிதம் எழுதியது. 2015 செப்டம்பரில் ரஷ்யா சிரியாவில் குண்டு வீசத் தொடங்கியதும், அன்றைய அசத் அரசின் அழைப்பைக் காட்டித்தான்.

ஆனா ஒன்று. கொடுத்த சம்மதத்தைத் திரும்பவும் வாங்கிக்கொள்ளலாம். இதற்குத் தமிழர்கள் அருகிலிருந்து பார்த்த உதாரணமே இருக்கிறது. 1987 ஜூலை 29 இந்திய - இலங்கை ஒப்பந்தத்தின்படி இந்திய அமைதிப்படை இலங்கைக்குச் சென்றது. 1989-இல் அதிபர் பிரேமதாசா "வெளியேறுங்கள்" என்றார். 1990 மார்ச்சில் கடைசி இந்திய வீரரும் கப்பலேறினார். அழைப்பு முடிந்தால் சட்ட அடிப்படையும் முடிந்தது.

இரண்டாம் வழி: பாதுகாப்பு கவுன்சில்

சாசனத்தின் 42-ஆவது பிரிவுப்படி ராணுவ நடவடிக்கைக்குப் பாதுகாப்பு கவுன்சில் உத்தரவிடலாம். ஆனால் அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய ஐந்தில் ஒன்று கை தூக்கித் தடுத்தாலே தீர்மானம் செத்துவிடும். வீட்டோ என்பது அதுதான்.

2015 நவம்பர் 13 பாரிஸ் தாக்குதலுக்குப் பிறகு நிறைவேறிய 2249-ஆவது தீர்மானம் இதில் சுவாரஸ்யமானது. ஐ.எஸ்.க்கு எதிராக "தேவையான எல்லா நடவடிக்கைகளையும்" எடுக்கும்படி நாடுகளை அது கேட்டுக்கொண்டது. அதே சமயம், படைபலத்துக்கு அனுமதி தரும்போது வழக்கமாகச் சுட்டப்படும் சாசனத்தின் 7-ஆவது அத்தியாயத்தை அது சொல்லவில்லை. உலகமே ஒன்றுசேர்ந்து ஐ.எஸ்.ஸைக் கண்டித்த நேரத்திலும் முழு அனுமதிச் சீட்டு கிடைக்கவில்லை. எல்லோரும் தங்களுக்குச் சாதகமாகப் படித்துக்கொள்ளும்படி ஒரு வாசகம்தான் கிடைத்தது.

மூன்றாம் வழி: தற்காப்பு. இங்கேதான் சிக்கல்

51-ஆவது பிரிவு சொல்வது இதுதான்: ஐ.நா. உறுப்பு நாடு ஒன்றின் மீது "ஆயுதத் தாக்குதல்" நடந்தால், பாதுகாப்பு கவுன்சில் நடவடிக்கை எடுக்கும் வரை, தற்காத்துக்கொள்ளும் உரிமை அந்த நாட்டுக்கு இயல்பாகவே உண்டு. எடுத்த நடவடிக்கையை உடனே கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும்.

தாக்குவது யாராக இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் இல்லை. 1945-இல் அதை எழுதியவர்கள் மனதில் இருந்தது ஹிட்லரின் ஜெர்மனி மாதிரியான நாடுகள். நாடே இல்லாத ஓர் அமைப்பு, இன்னொரு நாட்டில் உட்கார்ந்துகொண்டு ஆயிரக்கணக்கானோரைக் கொல்லும் என்பது அன்றைய கணக்கில் இல்லை.

1986-இல் நிகரகுவா - அமெரிக்கா வழக்கில் சர்வதேச நீதிமன்றம் ஓர் எல்லைக்கோடு போட்டது. ஒரு நாடு ஆயுதக் குழுவை எல்லை தாண்டி அனுப்பி, அந்தத் தாக்குதலும் பெரிய அளவில் இருந்தால், அது அந்த நாடே நடத்திய ஆயுதத் தாக்குதலுக்குச் சமம். ஆனால் ஆயுதமும் பொருளும் கொடுத்து உதவுவது மட்டும் "ஆயுதத் தாக்குதல்" ஆகாது. அது சட்டவிரோதம்தான், ஆனாலும் அதைக் காரணம் காட்டிப் போருக்குப் போக முடியாது.

இந்தக் கோட்டின் விளைவு பெரிது. பயங்கரவாத அமைப்புக்குப் பின்னால் அரசு இருக்கிறது என்று சந்தேகிப்பது போதாது. பணம் கொடுத்தது என்று நிரூபித்தாலும் போதாது. அனுப்பியது அந்த அரசுதான் என்று காட்ட வேண்டும். ரகசியமாக நடக்கும் வேலைக்கு இந்த அளவு ஆதாரத்தை யார் கொண்டுவர முடியும்?

செப்டம்பர் 11-க்குப் பிறகு என்ன மாறியது?

2001 செப்டம்பர் 11 தாக்குதலை நடத்தியது அல்-கொய்தா. அது நாடு இல்லை. ஆனாலும் மறுநாளே பாதுகாப்பு கவுன்சில் நிறைவேற்றிய 1368-ஆவது தீர்மானத்தின் முன்னுரையில் தற்காப்பு உரிமை அங்கீகரிக்கப்பட்டது. செப்டம்பர் 28-இல் வந்த 1373-ஆவது தீர்மானமும் அதை உறுதிசெய்தது. அக்டோபர் 7-இல் ஆப்கானிஸ்தான் மீது குண்டு விழுந்தபோது, 51-ஆவது பிரிவைச் சொல்லி அமெரிக்காவும் பிரிட்டனும் கவுன்சிலுக்குக் கடிதம் கொடுத்தன. பெரிய எதிர்ப்பு எழவில்லை.

"நாடு அல்லாத அமைப்பு தாக்கினாலும் தற்காப்பு உரிமை உண்டு என்பதை உலகம் ஏற்றுக்கொண்டுவிட்டது" என்று ஒரு தரப்பு சட்ட நிபுணர்கள் சொல்வது இதை வைத்துத்தான்.

ஆனால் நீதிமன்றம் அவ்வளவு தூரம் போகவில்லை. பாலத்தீனப் பகுதியில் இஸ்ரேல் எழுப்பிய சுவர் குறித்து 2004-இல் கருத்துச் சொன்ன சர்வதேச நீதிமன்றம், 51-ஆவது பிரிவு ஒரு நாடு இன்னொரு நாட்டைத் தாக்கும் சூழலுக்கானது என்றது. அந்த அமர்வில் இருந்த நீதிபதிகள் சிலரே, "பிரிவில் அப்படி ஒரு வரம்பு இல்லையே" என்று தனியாக எழுதினார்கள். 2005-இல் காங்கோ - உகாண்டா வழக்கில் இதே கேள்வி மறுபடி வந்தது. "இந்த வழக்கில் அதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை" என்று நீதிமன்றம் நகர்ந்துவிட்டது.

அந்தக் கதவு இன்னமும் பாதி திறந்து பாதி மூடித்தான் இருக்கிறது.

'மனமில்லை அல்லது திறனில்லை' என்பது என்ன வாதம்?

பக்கத்து வீட்டு மொட்டை மாடியிலிருந்து யாரோ உங்கள் வீட்டுக்குள் கல் எறிகிறார்கள். வீட்டுக்காரரிடம் சொல்கிறீர்கள். அவர் தடுக்க மாட்டேன் என்கிறார், அல்லது தடுக்க அவரால் முடியவில்லை. அப்போ நீங்களே மாடி ஏறலாமா?

ஏறலாம் என்பதுதான் இந்த வாதம். ஒரு நாடு தன் மண்ணில் இருக்கும் பயங்கரவாதிகளைத் தடுக்க மனமில்லாமலோ திறனில்லாமலோ இருந்தால், பாதிக்கப்பட்ட நாடு அந்த நாட்டின் சம்மதம் இல்லாமலே அந்த அமைப்பைத் தாக்கலாம். 2014 செப்டம்பரில் சிரியாவில் ஐ.எஸ். இலக்குகளைத் தாக்கியபோது அமெரிக்கா இதைத்தான் ஐ.நா.வுக்கு எழுதியது. துருக்கி, கனடா, ஆஸ்திரேலியாவும் இதே வழியில் கடிதம் கொடுத்தன.

எதிர்ப்பவர்களும் உண்டு. மெக்சிகோவும் பிரேசிலும் இதைத் தொடர்ந்து ஆட்சேபிக்கின்றன. அவர்கள் கேள்வி நியாயமானதுதான்: பக்கத்து வீட்டுக்காரருக்கு "மனமில்லை" என்று முடிவு செய்வது யார்? மாடி ஏற நினைப்பவரே நீதிபதியாகவும் இருந்தால், பலமுள்ளவர் எந்த வீட்டுக்குள்ளும் நுழைவார். நடைமுறையில் அமெரிக்கா சிரியாவுக்குள் போகும். சிரியா அமெரிக்காவுக்குள் போகாது.

இந்தியாவின் நிலைப்பாடு என்ன?

2008 மும்பைத் தாக்குதலில் 166 பேர் கொல்லப்பட்டபோது இந்தியா எல்லை தாண்டவில்லை. அதன் பிறகு நிலைமை மெல்ல மாறியது.

2016: உரி முகாம் தாக்குதலுக்குப் பின், செப்டம்பர் 29-இல் கட்டுப்பாட்டு எல்லைக் கோட்டைத் தாண்டி 'சர்ஜிக்கல் ஸ்ட்ரைக்' நடத்தியதாக இந்தியா அறிவித்தது.

2019: புல்வாமாவில் 40 சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் கொல்லப்பட்ட பின், பிப்ரவரி 26-இல் பாலாகோட்டில் விமானத் தாக்குதல். அதை இந்தியா "ராணுவம் சாராத, முன்கூட்டிய தடுப்பு நடவடிக்கை" என்று விவரித்தது. பாகிஸ்தான் அரசையோ ராணுவத்தையோ அல்ல, ஜெய்ஷ்-இ-முகமது அமைப்பையே குறிவைத்தோம் என்பது அந்த வார்த்தைகளின் பொருள்.

2021: மெக்சிகோ ஏற்பாடு செய்த ஐ.நா. கூட்டத்தில் இந்தியா தன் சட்ட நிலைப்பாட்டை விளக்கமாகவே வைத்தது. தற்காப்பு உரிமை நாடுகளின் தாக்குதலுக்கு மட்டும் உரியதல்ல என்றது. அமைப்பு திரும்பத் திரும்பத் தாக்குகிறது, அது இருக்கும் நாடு அதை ஒடுக்க விரும்பவில்லை, அந்த நாடே அதற்கு ஆதரவும் தருகிறது என்றால், முன்கூட்டியே தாக்கும் கட்டாயம் வரலாம் என்றது.

2025: சிந்தூர் நடவடிக்கையை "அளவான, மோதலைப் பெரிதாக்காத, பொறுப்பான" நடவடிக்கை என்று அரசு விவரித்தது. பதிலடி, தடுப்பு இரண்டையும் சேர்த்தே சொன்னது.

இங்கே சட்டம் இரண்டு கடினமான கேள்விகளைக் கேட்கிறது. ஒன்று, நேரம். தாக்குதல் நடந்து 15 நாள் கழித்துக் கொடுக்கும் அடி தற்காப்பா, பழிவாங்கலா? தற்காப்பு சட்டப்படி சரி. பழிவாங்கும் ராணுவ நடவடிக்கை கூடாது என்று 1970-ஆம் ஆண்டு ஐ.நா. பொதுச்சபைப் பிரகடனம் சொல்கிறது. இதனால்தான் எந்த நாடும் "பழி தீர்த்தோம்" என்று சட்டப்பூர்வ அறிக்கையில் எழுதாது. "அடுத்த தாக்குதலைத் தடுத்தோம்" என்றுதான் எழுதும். மேடையில் பேசுவது வேறு, ஐ.நா.வில் சொல்வது வேறு.

இரண்டு, ஆதாரம். லஷ்கர்-இ-தொய்பாவின் மறுமுகம் 'தி ரெசிஸ்டன்ஸ் ஃப்ரண்ட்' என்று இந்தியா சொல்கிறது. பஹல்காம் தாக்குதலுக்கு முதலில் பொறுப்பேற்ற அந்த அமைப்பு, பின்னர் மறுத்தது. 2025 ஜூலையில் அமெரிக்கா அதைப் பயங்கரவாத அமைப்பாக அறிவித்தது. அமைப்புக்கும் அரசுக்கும் உள்ள தொடர்பை எந்த அளவு நிரூபித்தால் போதும் என்பதற்கு உலகம் ஒப்புக்கொண்ட அளவுகோல் இல்லை.

பாகிஸ்தான் மற்ற எல்லைகளில் என்ன செய்கிறது?

2024 ஜனவரி 16-இல் ஈரான், பலுசிஸ்தானில் ஜெய்ஷ் அல்-அதில் அமைப்பின் இடங்களைத் தாக்கியது. "எங்கள் இறையாண்மையை மீறிவிட்டார்கள்" என்று கண்டித்தது பாகிஸ்தான். இரண்டே நாளில் ஈரானுக்குள் இருந்த பலூச் ஆயுதக் குழுக்களின் மறைவிடங்களைத் தானும் தாக்கியது.

அதே ஆண்டு மார்ச்சில் ஆப்கானிஸ்தானுக்குள் விமானத் தாக்குதல் நடத்தியது. அங்கிருக்கும் ஆயுதக் குழுக்களைத் தாலிபன் அரசு தடுக்கவில்லை என்பது பாகிஸ்தான் சொன்ன காரணம். பெண்களும் குழந்தைகளும் இறந்ததாகத் தாலிபன் சொன்னது. 2025 அக்டோபரில் இது எல்லை முழுக்கப் பெரிய மோதலாக வெடித்து, கத்தாரும் துருக்கியும் சமரசம் பேச வேண்டியதாயிற்று.

கிழக்கு எல்லையில் ஏற்க மறுக்கும் வாதத்தை மேற்கு எல்லையில் பாகிஸ்தானே எடுத்து வைக்கிறது. பாகிஸ்தான் மட்டுமல்ல, பல நாடுகளின் சட்ட நிலைப்பாடும் தாக்குகிறதா, தாக்கப்படுகிறதா என்பதைப் பொறுத்தே மாறுகிறது.

உரிமை இருந்தால் எப்படி வேண்டுமானாலும் தாக்கலாமா?

இல்லை. இதற்கான கதை 1837-க்குப் போகிறது. அப்போது கனடா பிரிட்டனின் கையில் இருந்தது. அங்கே கிளர்ச்சி செய்தவர்களுக்கு அமெரிக்கக் கரையிலிருந்து 'கரோலின்' என்ற கப்பல் பொருட்கள் ஏற்றிச் சென்றது. டிசம்பர் 29 இரவு பிரிட்டிஷ் தரப்பினர் நயாகரா ஆற்றைக் கடந்து, அமெரிக்கக் கரையில் நின்ற அந்தக் கப்பலுக்குத் தீ வைத்தார்கள். இன்றைய மொழியில் சொன்னால், எல்லை தாண்டி நடந்த ஆயுதக் குழு எதிர்ப்பு நடவடிக்கை.

அதையொட்டி அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டேனியல் வெப்ஸ்டர் எழுதிய கடிதங்களிலிருந்து பிறந்தவைதான் இன்றும் பேசப்படும் இரண்டு நிபந்தனைகள். தாக்குவதைத் தவிர வேறு வழியே இருக்கக் கூடாது. தாக்கினாலும், ஆபத்தை நீக்கத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது. அதாவது அவசியம், அளவு.

இதற்கு மேல் போர்ச் சட்டம் தனியாக இருக்கிறது. 1949 ஜெனீவா ஒப்பந்தங்களின் பொதுவான 3-ஆவது பிரிவு, அரசுக்கும் ஆயுதக் குழுவுக்கும் நடக்கும் சண்டைக்கும் பொருந்தும். இரு தரப்பையும் அது கட்டுப்படுத்தும். அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே நடந்த இலங்கைப் போர் பற்றிய ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் 2015 அறிக்கையும் இந்தப் பிரிவைத்தான் அளவுகோலாக வைத்தது. "அவர்கள் பயங்கரவாதிகள், அவர்களுக்கு எந்தச் சட்டமும் இல்லை" என்ற வாதத்தை, அல்-கொய்தா கைதி ஒருவரின் வழக்கில் 2006-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஏற்கவில்லை.

ஆயுதம் ஏந்தியவரையும் சாதாரண மக்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ராணுவப் பலனை விடப் பொதுமக்களுக்கு ஏற்படும் சேதம் மிக அதிகம் என்று தெரிந்தால் தாக்கக் கூடாது. சிந்தூர் நடவடிக்கையில் 100-க்கும் மேற்பட்ட பயங்கரவாதிகள் கொல்லப்பட்டதாக இந்தியாவும், பொதுமக்கள் இறந்ததாகப் பாகிஸ்தானும் சொன்னதற்குப் பின்னால் இருப்பதும் இந்தச் சட்டம்தான். இறந்தவர் யார் என்பதைப் பொறுத்தே தாக்குதலின் தன்மை தீர்மானிக்கப்படும்.

'பயங்கரவாதி' என்று பெயர் வைத்தால் போதுமா?

போதாது. 2025 செப்டம்பர் முதல் கரீபியக் கடலில் போதைப்பொருள் கடத்துவதாகச் சொல்லி அமெரிக்கா படகுகளைக் குண்டு வீசி அழித்தது. முதல் தாக்குதலிலேயே 11 பேர் இறந்ததாக அமெரிக்கா சொன்னது. கடத்தல் கும்பல்களைப் பயங்கரவாத அமைப்புகள் என்று அது முன்பே பட்டியலிட்டிருந்தது. இந்தத் தாக்குதல்கள் சர்வதேச மனித உரிமைச் சட்டத்தை மீறுபவை என்றார் ஐ.நா. மனித உரிமை ஆணையர் வோல்கர் டர்க். கடத்தல் என்பது குற்றம். அது தானாகவே "ஆயுதத் தாக்குதல்" ஆகிவிடாது. குற்றவாளியைப் பிடித்து விசாரிப்பதுதான் முறை.

இன்னொரு அடிப்படைச் சிக்கலும் உண்டு. பயங்கரவாதம் என்றால் என்ன என்பதற்கு உலக நாடுகள் எல்லாம் ஒப்புக்கொண்ட வரையறையே இல்லை. அதற்கான முழுமையான ஒப்பந்தத்தை 1996-இல் ஐ.நா.வில் முன்மொழிந்தது இந்தியாதான். விடுதலைப் போராட்டம் எது, பயங்கரவாதம் எது, அரசுப் படைகளையும் இதில் சேர்ப்பதா என்ற சச்சரவில் அது பல ஆண்டுகளாக முடங்கிக் கிடக்கிறது.

சட்டத்தை மீறினால் யார் கேட்பார்கள்?

சில நேரம் கேட்டிருக்கிறார்கள். 1985-இல் துனிஸில் இருந்த பாலத்தீன விடுதலை இயக்கத் தலைமையகத்தை இஸ்ரேல் தாக்கியபோது, பாதுகாப்பு கவுன்சில் 573-ஆவது தீர்மானத்தில் அதைக் கண்டித்தது. 14 நாடுகள் ஆதரவு, அமெரிக்கா வாக்களிக்கவில்லை. 2008-இல் ஈக்வடாருக்குள் புகுந்து ஃபார்க் தலைவர் ராவுல் ரெயஸை கொலம்பியா கொன்றபோது, அமெரிக்க நாடுகள் அமைப்பு அதை இறையாண்மை மீறல் என்றது. கொலம்பியா மன்னிப்பும் கேட்டது. 2025 செப்டம்பரில் ஹமாஸ் தலைவர்களைக் குறிவைத்து தோஹாவில் இஸ்ரேல் தாக்கியபோதும் கவுன்சில் கண்டித்தது. ஆனால் இஸ்ரேலின் பெயரைச் சொல்லவில்லை.

நீதிமன்றத்துக்குப் போகலாமே? இரண்டு நாடுகளும் ஒப்புக்கொண்டால்தான் சர்வதேச நீதிமன்றம் விசாரிக்க முடியும். 1999-இல் தன் கடற்படை விமானத்தை இந்தியா சுட்டு வீழ்த்தியதற்கு எதிராகப் பாகிஸ்தான் போட்ட வழக்கை, விசாரிக்கும் அதிகாரம் தனக்கில்லை என்று 2000-இல் அந்த நீதிமன்றம் தள்ளிவிட்டது.

மொத்தத்தில்...

* அரசின் சம்மதமோ பாதுகாப்பு கவுன்சில் அனுமதியோ இருந்தால் தாக்கலாம்.

* இரண்டும் இல்லையென்றால் மிச்சம் தற்காப்பு மட்டுமே. அமைப்பை அனுப்பியது அரசுதான் என்று நிரூபித்தால் வாதம் வலுவாகும்.

* அரசின் பங்கு தெளிவில்லாதபோது தாக்கலாமா என்பதில் நாடுகளுக்குள்ளும் நிபுணர்களுக்குள்ளும் ஒத்த கருத்து இல்லை. 2001-க்குப் பிறகு "தாக்கலாம்" என்ற பக்கம் பலம் கூடியிருக்கிறது.

* பழிவாங்க மட்டும் தாக்குவது கூடாது. அவசியமும் அளவும் எப்போதும் கட்டாயம்.

* எந்தக் காரணத்தோடு போனாலும் பொதுமக்களைக் குறிவைக்கக் கூடாது.

சர்வதேச சட்டம் நாடாளுமன்றத்தில் மட்டும் எழுதப்படுவதில்லை. நாடுகள் என்ன செய்கின்றன, மற்ற நாடுகள் அதைக் கண்டிக்கின்றனவா, பேசாமல் இருக்கின்றனவா என்பதிலிருந்தும் அது உருவாகிறது. இன்று ஒரு நாடு எல்லை தாண்டும்போது வாய்மூடி இருப்பவர்கள், நாளை அதே காரணத்தைச் சொல்லித் தங்கள் வாசலில் இன்னொரு நாடு வந்து நிற்கும்போது என்ன சட்டம் பேசுவார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி.